உப்பை மூட்டையாக விற்பதா, பொதியாக விற்பதா?

காலை எட்டு மணிக்குக் கடை திறந்து இரவு எட்டு மணிக்குப் பூட்டும் வர்த்தகருக்கு அன்றைய இலாப நட்டத்தை முதலில் சொல்வது கணக்குப் புத்தகமல்ல, கால்கள்தான். தையற்கடையானாலும் இரும்புக்கடையானாலும் நின்றே செய்யும் தொழிலில் குதிகாலும் கெண்டைக்காலும் களைத்துப் போகின்றன. இந்தக் களைப்பை நம்பி வெளிநாடுகளில் ஒரு பெரிய வியாபாரம் நடக்கிறது. 'பாத் சோல்ட்' எனப்படும் குளியல் உப்பு அழகான போத்தல்களில் அடைக்கப்பட்டு எமது நாட்டின் சுப்பர் மார்க்கட்டுகளுக்கும் வந்து சேர்கிறது. அதன் பிரதான மூலப்பொருள் உப்பு. உப்பு விளையும் மண்ணில் இருந்துகொண்டு நாம் அதைப் போத்தலில் வாங்க வேண்டுமா என்பதே இங்குள்ள கேள்வி.

குடாநாட்டின் வாசலில் இருக்கிறது ஆனையிறவு உப்பளம். சோளகக் காற்று வீசும் வரண்ட மாதங்களில் கடல்நீர் பாத்திகளில் வற்றி உப்பாகும். மாரி தொடங்கியதும் வேலை ஓயும். இங்கு விளைந்த உப்பைக் கொண்டு ஒரு காலத்தில் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை கோஸ்டிக் சோடா தயாரித்தது. யுத்தம் இரண்டையும் முடக்கியது. 1990 இல் உப்பளம் மூடப்பட்டது. யுத்தத்தின் பின்னர் உப்பு மீண்டும் விளைந்தது. 2025 மார்ச்சில் மாந்தை உப்பு நிறுவனத்தின் மேசை உப்புத் தொழிற்சாலை அங்கே திறக்கப்பட்டது. அதே ஆண்டில் மழையால் நாட்டின் உப்பு விளைச்சல் குன்றி, இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதி செய்ய வேண்டியும் வந்தது. மூலப்பொருளின் விலை நிலையானதல்ல என்பதை இத்தொழிலில் இறங்குவோர் இதிலிருந்து கவனத்திற்கொள்ள வேண்டும்.

எமது வீடுகளில் படுத்துக் குளிக்கும் தொட்டி அரிது. கிணற்றடியில் அள்ளிக் குளிப்பதே வழக்கம். ஆகவே எமக்குப் பொருந்துவது கால்களை ஊறவைக்கும் உப்பு. ஒரு பேசினும் ஐந்து லீற்றர் வெந்நீரும் போதும். நீரில் ஊறி உடல் ஆறுவது எமக்குப் புதிதுமல்ல. கீரிமலைக் கேணிக்கும் கன்னியா வெந்நீர் ஊற்றுக்கும் மக்கள் காலங்காலமாகச் சென்று வருகிறார்கள்.

தயாரிக்கும் முறை

ஒரு கிலோ கலவைக்கு உடைத்த கல்லுப்பு 800 கிராம், அப்பச்சோடா 150 கிராம், நிழலில் உலர்த்தி இடித்த வேப்பிலை அல்லது நொச்சியிலைத் தூள் 50 கிராம் தேவை. யூக்கலிப்டஸ் தைலம் 5 மில்லிலீற்றருக்கு மேல் வேண்டாம். உப்பை முதலில் வெயிலில் நன்கு காயவைக்கவும். தைலத்தை ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் கலந்து உப்பின் மீது சிறிது சிறிதாக விட்டுப் பிசறவும். பின்னர் சோடாவையும் இலைத்தூளையும் சேர்த்து, காற்றுப்புகாத பாத்திரத்தில் ஒருநாள் மூடி வைக்கவும்.

ஐந்து லீற்றர் இளஞ்சூட்டு நீருக்கு மூன்று மேசைக்கரண்டி, அதாவது சுமார் 50 கிராம் போதும். கால்களைப் பதினைந்து நிமிடம் ஊறவைத்து, நல்ல நீரில் கழுவி, விரலிடுக்குகளைத் துடைக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் ஊடாக ஊறிவரும் எமது கிணற்று நீரில் சவர்க்காரம் இலேசில் நுரைக்காது. இக்கலவைக்கு நுரை தேவையில்லை என்பதால் அந்தச் சிரமமும் இல்லை. ஊறிய நீரை மரக்கறிப் பாத்திக்கோ கிணற்றடிக்கோ ஊற்றக்கூடாது. மண்ணும் நிலத்தடி நீரும் உவராகும்.

சிலர் எப்சம் உப்பு எனப்படும் மக்னீசியம் சல்பேற்றையும் சேர்ப்பர். இங்கிலாந்தின் எப்சம் என்ற ஊரின் ஊற்றிலிருந்து முதலில் பெறப்பட்டதால் அதற்கு இப்பெயர். மலிவாகக் கிடைக்கிறது என்று உரக்கடையில் வாங்கிச் சேர்ப்பது தவறு. பசளைக்கான தரம் வேறு, தோலில் படும் பொருளுக்கான தரம் வேறு. அத்தர் விற்பவர்களும் கையிருப்பிலுள்ள வாசனையை அப்படியே கலந்துவிடக் கூடாது. சில வாசனை எண்ணெய்கள் தோலை எரிக்கும்.

சொல்லக்கூடாத வாக்குறுதி

களைத்த காலுக்கு இதம் தருவது வெந்நீரின் சூடும் கால்மணி நேர ஓய்வும்தான். தோலினூடாக மக்னீசியம் உடலில் சேர்ந்து நோய் தீரும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. எனவே 'மூட்டுவாதம் குணமாகும்' என்று லேபலில் அச்சிடுவது வாடிக்கையாளரை ஏமாற்றுவதாகும்.

இதைவிட முக்கியமான விடயம் ஒன்றுண்டு. சீனி வருத்தம் உள்ள பலருக்குப் பாதங்கள் மரத்திருக்கும். நீர் சுடுகிறதா என்பதை அவர்களின் கால் சொல்லாது. கொப்புளம் புண்ணாகி, காலையே இழக்கும் நிலைக்கும் கொண்டுபோகலாம். 'நீரிழிவு உள்ளவர்களும் காலில் புண் உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்காமல் பாவிக்க வேண்டாம்' என்ற வாசகம் ஒவ்வொரு பொதியிலும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். அந்த ஒரு வரியால் சில பொதிகள் விற்காமல் போகலாம். ஒருவரின் கால் தப்பினால் அது நட்டமல்ல.

கணக்குப் போடும் விதம்

250 கிராம் பொதியொன்று ஐந்து தடவைக்குப் போதும். விதத்தைக் காட்டுவதற்காக மட்டும் ஒரு கணக்கைப் பார்ப்போம். பொருட்செலவு 60 ரூபா, பையும் லேபலும் 50 ரூபா, கூலி 40 ரூபா, கழிவும் போக்குவரத்தும் 30 ரூபா என்றால் அடக்கவிலை 180 ரூபா. சில்லறை விலையை 320 ரூபாவாக வைத்து, கடைக்காரருக்கு 25 வீதமான 80 ரூபாவை விட்டால் கைக்கு வருவது 240 ரூபா. மிஞ்சும் இலாபம் 60 ரூபா. புதியவர்கள் பலர் தமது கூலியையும் கடைக்காரரின் பங்கையும் கணக்கில் சேர்க்க மறந்து, அதையே இலாபமென எண்ணி விலையைக் குறைத்துவிடுகிறார்கள்.

உப்பின் எதிரி ஈரம். தடித்த பொலித்தீன் பையில் ஒட்டி, அதனைப் பனையோலைப் பெட்டியில் வைத்தால் பொருளும் கெடாது, யாழ்ப்பாணத்தின் முத்திரையும் இருக்கும். 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்ட பின்னர் ஊருக்கு வரும் உறவுகளும், விருந்தினர் விடுதிகளும் இதற்கு நல்ல சந்தை.

வியாபாரப் பெயரைப் பதிவு செய்ய பிரதேச செயலகத்தை நாடவும். தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையிடம் அழகுசாதனப் பொருளுக்கான விதிகளையும், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் விலை, திகதி, தொகுதி இலக்கம் பற்றிய விதிகளையும் முன்கூட்டியே கேட்டறிவது நல்லது.

முதலில் ஐந்து கிலோ மட்டும் தயாரியுங்கள். வீட்டாரும் அயலவரும் பாவித்துச் சொல்லும் குறைகளைத் திருத்துங்கள். ஒரு மாரி முழுவதும் கட்டிபடாமல் பொதி தாங்கினால், அதன் பின்னர் கடைகளுக்குக் கொடுங்கள்.