விற்ற பிறகு வரைபடத்தை மாற்றலாமா?

சரக்கு வாங்கும்போது மாதிரியைப் பார்த்துத்தான் விலை பேசுகிறோம். வந்து இறங்கும் மூட்டை மாதிரிக்கு ஒத்துவராவிட்டால் திருப்பி அனுப்பவும் தயங்குவதில்லை. ஆனால், கட்டப்போகும் வளாகத்தில் கடையோ, அடுக்குமாடியில் வீடோ வாங்கும்போது நம்மவர்களில் பலர் இந்த எச்சரிக்கையை மறந்துவிடுகிறார்கள். முன்பணம் கொடுத்த பிறகு லாரி வரும் வழி சுருங்குகிறது; வண்டி நிறுத்தும் இடத்தில் புதிய கடை முளைக்கிறது. கேட்டால், "பிளான் மாறிவிட்டது" என்ற ஒரே பதில்தான் கிடைக்கிறது. சட்டம் இதை அனுமதிக்கிறதா?

அனுமதிக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டத்தின் 14ஆவது பிரிவு 2017 மே 1 முதல் நடைமுறையில் உள்ளது. இந்தச் சட்டம் வீடுகளுக்கு மட்டுமே உரியது என்று எண்ண வேண்டாம். கடை, ஷோரூம், அலுவலகம், குடோன் ஆகியவையும் இதில் அடங்கும்.

இப்பிரிவு இரண்டு நிலைகளைப் பிரித்துக் காட்டுகிறது. முதலாவது, நாம் வாங்க ஒப்பந்தம் செய்த கடை அல்லது வீடு. அதன் அமைப்பிலோ, பொருத்தப்படும் சாமான்களிலோ, வசதிகளிலோ நம் முன்சம்மதம் இல்லாமல் மாற்றம் செய்யக் கூடாது. கட்டட அமைப்பின் காரணமாகத் தேவைப்படும் சிறு மாற்றங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதற்கும் தகுதி பெற்ற கட்டடக் கலைஞர் அல்லது பொறியாளரின் பரிந்துரை வேண்டும். நமக்கு முறையாகத் தெரிவிக்கவும் வேண்டும். சுவரை எடுப்பது, தூணை மாற்றுவது, பரப்பைக் கூட்டுவது, உயரத்தை மாற்றுவது, அவசியமான நுழைவழியை அடைப்பது போன்றவை சிறு மாற்றங்கள் ஆகா.

இரண்டாவது, முழு வளாகமும் அதன் பொது இடங்களும். இவற்றை மாற்ற, வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துப்பூர்வமான முன்சம்மதம் தேவை. கட்டுபவர் இந்தக் கணக்கில் சேரமாட்டார். ஒருவர் தம் பெயரிலும் குடும்பத்தார் பெயரிலும் பத்துக் கடைகள் வாங்கியிருந்தாலும் ஒரே நபராகவே கொள்ளப்படுவார். மேலே வீடுகளும் கீழே கடைகளும் உள்ள கட்டடத்தில் கடைக்காரர்கள் சிறுபான்மையாகவே இருப்பார்கள். ஆகவே தொடக்கத்திலிருந்தே ஒன்றுகூடி நிற்பது நல்லது.

"எந்த மாற்றத்துக்கும் சம்மதிக்கிறேன்" என்ற வாசகம் பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. எந்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் இந்தத் தடை பொருந்தும் என்று 14(2) பிரிவே கூறுகிறது. ஆயினும் அவ்வாசகத்தை அடித்துவிட்டுக் கையெழுத்திடுவதே பிற்காலத் தொல்லையைத் தவிர்க்கும்.

இது ஏட்டளவில் நிற்கும் விஷயம் அல்ல. நொய்டாவில் சூப்பர்டெக் நிறுவனம் எழுப்பிய இரட்டைக் கோபுரங்களை இடிக்க அலகாபாத் உயர்நீதிமன்றம் 2014இல் உத்தரவிட்டது. உச்சநீதிமன்றம் 2021 ஆகஸ்ட் 31 அன்று அதை உறுதி செய்தது. அங்கே பொருந்தியது உத்தரப் பிரதேசத்தின் அடுக்குமாடிச் சட்டம். முதல் வரைபடத்தில் பசுமைப் பகுதியாகக் காட்டிய இடத்தில், குடியிருப்போரின் சம்மதமின்றிக் கோபுரங்கள் எழுந்தன என்பது முக்கியக் குற்றச்சாட்டு. 2022 ஆகஸ்ட் 28 அன்று அவை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை சில:

பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்பது சட்டம். அதற்குமேல் கொடுக்காதீர்கள்.

அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலை வாங்கி, ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவான வரைபடத்துடன் ஒப்பிடுங்கள். 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலம் அல்லது எட்டு வீடு, கடைகளுக்கு மிகாத திட்டம் என்றால் பதிவு கட்டாயமில்லை. அங்கே இரட்டிப்பு எச்சரிக்கை தேவை.

விளம்பரத் தாள்களையும் ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள். பொய்யான விளம்பரத்தை நம்பி நஷ்டப்பட்டால் ஈடு கேட்கலாம்.

மாற்றம் தெரிந்தவுடன் எழுத்து மூலம் ஆட்சேபியுங்கள். பலனில்லையெனில் ஆணையத்தில் புகார் செய்யலாம். விதியை மீறியவருக்குத் திட்ட மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. ஒப்பந்தப்படி இடத்தை ஒப்படைக்க முடியாமல் போனால், விலகிக்கொண்டு பணத்தை வட்டியுடன் கேட்கவும் உரிமை உண்டு.

கடை என்பது வணிகருக்கு வாழ்நாள் முதலீடு. சரக்கின் மாதிரியைப் பார்க்கும் அதே கண்ணோடு வரைபடத்தையும் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுமாறு நம் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.