சர்வரில் இடம்: நீட்டலும் குறைத்தலும்

‘சர்வர்’ என்றதும் என் வயதுக்காரர்களுக்கு ஓட்டலில் இட்லி, சாம்பார் கொண்டு வருபவர்தான் நினைவுக்கு வருவார். இன்றோ நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் ‘சர்வரில் வேலை இருக்கிறது’ என்று நள்ளிரவில் எழுந்து உட்காருகிறார்கள். அவர்கள் செய்யும் வேலைகளில் ஒன்று, டிஸ்கில் உள்ள இடத்தைப் பங்கிடுவது. நம் சங்கத்தின் சர்வரிலும் அண்மையில் இந்தப் பிரச்சினை தலைகாட்டியது. ஆகவே எல்லோரும் இதைக் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

அந்த சர்வரில் நம் பழைய ஆண்டு மலர்கள், பொங்கல் விழாப் படங்கள், உறுப்பினர் பதிவேடு, வரவு செலவுக் கணக்கு ஆகியவை உள்ளன. படங்களுக்கான பகுதி நிரம்பிவிட்டது. “புதிய டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா?” என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டார். “கணக்குப் பகுதியில் இடம் சும்மாதானே கிடக்கிறது, அதை வெட்டி இதற்குக் கொடுங்களேன்” என்றார் இன்னொருவர். இரண்டும் நியாயமான பேச்சுத்தான். ஆனால் இரண்டாவதில் ஆபத்து இருக்கிறது.

பழைய முறையில் டிஸ்கைப் பிரிப்பது வீட்டுக்குள் செங்கல் சுவர் எழுப்புவது போன்றது. ஓர் அறை போதாவிட்டால் சுவரை இடிப்பது பெரும்பாடு. இதற்கு மாற்றாக வந்ததே ‘லாஜிக்கல் வால்யூம்’ முறை. பெரிய யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களில் முன்பே இருந்த இந்த ஏற்பாட்டை, லினக்ஸுக்காக 1998ஆம் ஆண்டு ஹைன்ஸ் மவல்ஸ்ஹாகன் என்பவர் எழுதினார். சுருக்கமாக எல்.வி.எம். என்பார்கள்.

கூட்டுக் குடும்பத்து நெல் குதிரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வயலிலிருந்தும் வந்த நெல் ஒரே குதிரில் சேருகிறது. பிறகு மரக்கால் கணக்கில் அளந்து அவரவருக்குக் கொடுக்கிறார்கள். இங்கே வயல்கள்தாம் டிஸ்குகள். அவற்றுக்கு ‘பிஸிக்கல் வால்யூம்’ என்று பெயர். குதிர் ‘வால்யூம் குரூப்’. அளந்து கொடுத்த பங்கு ‘லாஜிக்கல் வால்யூம்’. மரக்காலுக்கு ‘எக்ஸ்டெண்ட்’ என்று பெயர். வழக்கமாக ஒன்று 4 மெகாபைட். 500 ஜி.பி. டிஸ்க் ஒன்றில் ஏறக்குறைய 1,19,000 மரக்கால் தேறும். ஒருவர் பங்கில் உள்ள நெல் எந்த வயலில் விளைந்தது என்று உண்பவர் கேட்பதில்லை அல்லவா? அதுபோல ஒரு வால்யூம் இரண்டு மூன்று டிஸ்குகளில் பரவிக் கிடந்தாலும் பயன்படுத்துபவருக்கு அது ஒன்றுதான்.

இனி நீட்டும் வேலை. புதிய டிஸ்கைப் பொருத்தி, ‘பிவி கிரியேட்’ என்ற கட்டளையால் அதைத் தயார் செய்ய வேண்டும். ‘விஜி எக்ஸ்டெண்ட்’ அதைக் குதிரில் சேர்க்கும். ‘எல்வி எக்ஸ்டெண்ட்’ வேண்டிய பங்கைப் பெரிதாக்கும். இதோடு வேலை முடிந்ததென்று நினைத்துவிடக் கூடாது. வால்யூம் என்பது வெறும் இடம். அதற்குள் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் ‘ஃபைல் சிஸ்டம்’ தனி. அதையும் பெரிதாக்கினால்தான் புதிய இடம் பயனுக்கு வரும். இ.எக்ஸ்.டி.4 வகைக்கு ‘ரீசைஸ்2எஃப்எஸ்’, எக்ஸ்.எஃப்.எஸ். வகைக்கு ‘எக்ஸ்எஃப்எஸ் குரோஎஃப்எஸ்’ என்று கட்டளைகள் உண்டு. இரண்டையும் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யலாம்.

குறைக்கும்போது வரிசை தலைகீழாகும். நான் ரயில்வேயில் இருந்தவன். ஆகையால் அந்த வழியிலேயே சொல்கிறேன். வால்யூம் என்பது பிளாட்பாரம், ஃபைல் சிஸ்டம் அதில் நிற்கும் வண்டி. பன்னிரண்டு பெட்டி வண்டியை இருபத்துநாலு பெட்டியாக்க வேண்டுமென்றால் முதலில் பிளாட்பாரத்தை நீட்டுவோம். பிறகு பெட்டிகளைச் சேர்ப்போம். பிளாட்பாரத்தைச் சுருக்க வேண்டுமானால் முதலில் வண்டியைச் சுருக்க வேண்டும். நீளமான பிளாட்பாரத்தில் குட்டை வண்டி நின்றால் இடம் வீண், அவ்வளவுதான். குட்டைப் பிளாட்பாரத்தில் நீள வண்டி நின்றால் கடைசிப் பெட்டிக்காரர் கதவைத் திறந்து காலை எங்கே வைப்பார்?

எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் இதுதான் நடந்தது. அவசரத்தில் வால்யூமை முதலில் வெட்டிவிட்டார்கள். வெட்டிய பகுதியில் இருந்த கோப்புகளோடு ஃபைல் சிஸ்டமே நிலைகுலைந்தது. தனிப் பிரதி இல்லாததால் பழைய பில்களைப் பார்த்துக் கணக்கை மறுபடி தட்டச்சு செய்தார்கள்.

இ.எக்ஸ்.டி.4 வகையைக் குறைக்கும் முன் அதைப் பயன்பாட்டிலிருந்து கழற்றி, பழுது பார்க்கும் கட்டளையால் சோதித்தாக வேண்டும். எக்ஸ்.எஃப்.எஸ். வகையோ நீளும்; குறையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். குறைக்க வேண்டுமானால் உள்ளிருப்பதை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, புதிதாக அமைப்பதே வழி. நம் கணக்குப் பகுதி இந்த வகைதான். அதை வெட்டச் சொன்ன யோசனையை ஏற்காமல் புதிய டிஸ்க் வாங்கியதன் காரணம் இதுவே.

ஆகவே தொடக்கத்திலேயே எல்லா இடத்தையும் பங்கு போட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் இன்றைய தேவைக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து, மீதியைக் குதிரிலேயே வையுங்கள். கொடுப்பது எளிது, கொடுத்ததைத் திரும்ப வாங்குவதுதான் கஷ்டம்.

கடைசியாக ஒன்று. பல டிஸ்குகள் சேர்ந்திருப்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. ஒரு வால்யூம் மூன்று டிஸ்குகளில் பரவியிருந்து, அவற்றில் ஒன்று கெட்டாலும் அந்த வால்யூமுக்கே ஆபத்து. டிஸ்க் தள்ளாடும்போதே கண்டுகொண்டால் ‘பிவி மூவ்’ கட்டளையால் உள்ளிருப்பதை வேறு டிஸ்குக்கு நகர்த்திவிடலாம். திடீரென்று நின்றுவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே நீட்டினாலும் குறைத்தாலும், கை வைக்கும் முன் வேறொரு டிஸ்கில் முழுப் பிரதி எடுத்து, அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்தும் பார்த்துவிடுங்கள். கணக்கை மறுபடி தட்டச்சு செய்துவிடலாம். இந்த ஊரில் நாம் முதன்முதலாகப் பொங்கல் வைத்த படத்தை மறுபடி எடுக்க முடியாது.