பராமரிப்பு என்னும் அதிகாரம்: இல்லங்களின் தரம் குறித்துச் சில குறிப்புகள்

1

ஆட்டிசம் உள்ளவர்களுக்கு நம் அரசு ஆவணங்களில் ஒரு பெயர் உண்டு: 'புற உலகச் சிந்தனையற்றோர்'. வைத்தவர் கெட்ட எண்ணத்தில் வைத்திருக்க மாட்டார். ஆனால் அந்தப் பெயர் ஒரு தீர்ப்பையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. இவருக்குப் புற உலகம் பற்றிய நினைப்பு கிடையாது; ஆகவே புற உலகத்திலிருந்து இவரை அப்புறப்படுத்தினால் இவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. இப்படி யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் நாற்பது பேரை ஒரே கூடத்தில் படுக்கவைத்து வெளியே பூட்டுப் போடும்போது வேலை செய்வது இந்தத் தர்க்கம்தான்.

குழந்தைகளைப் பற்றிப் பேச நம்மிடம் கொஞ்சம் மொழி இருக்கிறது. சிறப்புப் பள்ளி, பயிற்சி, உதவித்தொகை என்று ஏதாவது உண்டு. பதினெட்டு வயது தாண்டிய உடம்பு பற்றித்தான் பேச்சே இல்லை. மீசை முளைத்த, மாதவிலக்கு வருகிற, கோபமும் ஆசையும் உள்ள ஒரு வயதுவந்த ஆளை 'குழந்தை மாதிரி' என்று சொல்லி முடித்துக்கொள்கிறோம். தாய் தகப்பன் இருக்கும்வரை வீடு. அதற்குப் பிறகு? "எனக்கப்புறம் இவன யாரு பாப்பா?" என்ற கேள்வி, கேட்கிற தாயின் சொந்தக் கவலையாக மட்டுமே நமக்குக் கேட்கிறது. அது ஒரு சமூகம் தன் ஏற்பாடுகள் குறித்துப் பதில்சொல்ல வேண்டிய கேள்வி.

2

முதலில் ஒரு தெளிவு வேண்டும். மனநோய் வேறு, அறிவுவளர்ச்சிக் குறைபாடு வேறு, ஆட்டிசம் வேறு. மனநோய்க்கு மருந்து உண்டு; வரும், தணியும், சிலருக்கு முற்றிலும் நீங்கும். மற்ற இரண்டும் பிறவியிலிருந்தோ இளம் வயதிலிருந்தோ கூடவே வருபவை. அங்கே கேள்வி குணமாவது பற்றியதல்ல, வாழ்வது பற்றியது. சட்டமும் இப்படித்தான் பிரிக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் என்பதன் வரையறையிலிருந்து அறிவுவளர்ச்சிக் குறைபாட்டை வெளியே வைக்கிறது. அவர்களுக்கு 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டமும் 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் உண்டு.

காகிதத்தில் இந்தப் பிரிவு சரி. நடைமுறையில் ஒரே இல்லத்தில் மனநோயாளி, பேச்சில்லாத இளைஞர், ஞாபகம் தப்பிய முதியவர், தெருவில் கண்டெடுத்த பெண் எல்லோரும் கிடக்கிறார்கள். ஒரு துறை 'இது மனநலத்துறை விவகாரம்' என்கிறது. அந்தத் துறை 'இது நம்மிடம் வராது' என்கிறது. இரண்டு துறைகளுக்கு நடுவே உள்ள சந்தில்தான் பெரும்பாலான அநியாயம் நடக்கிறது.

3

'அந்தக் காலத்துல ஊரே பார்த்துக்கிச்சு' என்று ஒரு கதையாடல் தஞ்சைப் பக்கம் அடிக்கடி கேட்கும். முழுப் பொய்யில்லை. நெல் விவசாயத்தில் கைக்கு வேலை இருந்தது. களத்தில் கோழி விரட்ட, மாடு ஓட்டிப் போக, நாற்றுக்கட்டு எடுத்துக் கொடுக்க, வைக்கோல் பரப்ப ஆள் தேவைப்பட்டது. மெதுவாகச் செய்கிறவனுக்கும் அதில் ஓர் இடம் கிடைத்தது. அந்த இடம் என்ன என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் கூலியில்லாத உழைப்பு. சோறும் பழைய துணியும்தான் பிரதிபலன். கூப்பிடுகிற பெயரே கேலிப்பெயர். பெண்ணாக இருந்தால் அவள் எதிர்கொண்ட ஆபத்துகள் எந்த ஊர்க் கதையிலும் இடம்பெறுவதில்லை. தலித் குடியிருப்பில் பிறந்தவர் என்றால் 'ஊர் பார்த்துக்கொண்டது' என்ற வாக்கியத்துக்கே அர்த்தமில்லை. அந்த 'ஊர்' அவருடையது இல்லை.

இப்போது நடவுக்கும் இயந்திரம், அறுப்புக்கும் இயந்திரம். களத்துவேலை சுருங்கிவிட்டது. பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். வீட்டில் எழுபது வயதுத் தாயும் நாற்பது வயது மகனும். அவனைக் குளிப்பாட்ட அவளுக்குக் கையில் தெம்பில்லை. அரசு தருகிற பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். இந்த இடத்தில்தான் இல்லம் நுழைகிறது.

4

இல்லத்துக்கு முன்பு வேண்டுதல் வருகிறது. வேளாங்கண்ணிக்கு வருகிற கூட்டத்தில் இப்படிப்பட்ட குடும்பங்களைத் தனியே அடையாளம் காண முடியும். வளர்ந்த மகனின் கையைத் தாய் விடாமல் பிடித்திருப்பாள். தலத்தின் ஆதிக்கதைகளில் ஒன்றே ஊனம் பற்றியது. நடுத்திட்டில் மோர் விற்ற கால் ஊனமான சிறுவனிடம் மாதா மோர் கேட்கிறாள்; அவன் எழுந்து நடக்கிறான். தலத்தின் பெயரும் ஆரோக்கிய மாதா.

நம்பிக்கையைக் கேலிசெய்வது இங்கே நோக்கமல்ல. எந்த மருத்துவமனையும் உட்காரச் சொல்லாத ஒரு தாய்க்கு மணலில் உட்கார்ந்து அழ ஓர் இடம் கிடைப்பது சின்ன விஷயமில்லை. ஆனால் இந்தக் கதையின் அமைப்பைக் கவனியுங்கள். ஊனமுற்ற உடல் குணமாவதற்காகவே கதைக்குள் வருகிறது. குணமாகாத உடலுக்குக் கதையில் இடமில்லை. கை, கால், கண் என்று தகட்டில் அடித்த உறுப்புகளைக் காணிக்கை போடுகிறார்கள். இருபத்தைந்து வயதாகியும் பேசாத மகனுக்காக எந்த உறுப்பை வாங்குவது? மருத்துவமும் இதே கதையைத்தான் வேறு உடுப்பில் சொல்கிறது. குணமாகாதவர் இரண்டு கதைகளுக்கும் தோல்வியின் சாட்சி. சாட்சியை யாரும் கண்முன் வைத்திருக்க விரும்புவதில்லை.

காவிரிக் கரையில் குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம், 48 நாள், தங்கவைக்கும் வழக்கம் உண்டு. ராமநாதபுரம் ஏர்வாடியில் தர்கா. மதம் மாறினாலும் காத்திருப்பு மாறவில்லை. காத்திருப்பு நீளும்போது அதைச் சுற்றி ஒரு தொழில் முளைக்கிறது.

5

ஏர்வாடியில் அப்படி முளைத்த இல்லங்களில் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை தீப்பிடித்தது. கூரைக் கொட்டகை. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கின் தலைப்பில் 25 என்றே இருக்கிறது. மற்றவர்கள் பிறகு செத்தவர்கள். அங்கிருந்த இல்லங்கள் மூடப்பட்டன. உரிமம், பதிவு, ஆய்வு என்ற சொற்கள் புழக்கத்துக்கு வந்தன. மூன்றாண்டு கழித்து, 2004 ஜூலை 16இல், கும்பகோணத்தில் இன்னொரு கூரை எரிந்து 94 பள்ளிக் குழந்தைகள் மாண்டார்கள். கூரையைப் பற்றி நாடே பேசியது. சங்கிலியைப் பற்றி அவ்வளவு பேச்சு எழவில்லை.

சங்கிலியைச் சட்டம் இப்போது வெளிப்படையாகத் தடைசெய்கிறது. ஆனாலும் 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் ஆசிரமத்திலிருந்து 140க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். ஆட்கள் காணாமல்போனது, அடி, பாலியல் வன்முறை என்று குற்றச்சாட்டுகள் எழுந்து வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. இது வெளியே வந்தது ஆய்வாளர் ஒருவரின் பதிவேட்டிலிருந்து அல்ல. ஒரு முதியவரைத் தேடி ஒரு குடும்பம் வந்தது. 'வேற ஊருக்கு அனுப்பிட்டோம்' என்ற பதிலை அது ஏற்கவில்லை; விஷயம் ஆட்கொணர்வு மனுவாக உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தேடி வர ஆளில்லாதவருக்கு அந்த மனுவை யார் போடுவார்கள்? ஏர்வாடியும் குண்டலப்புலியூரும் நமக்குச் சொல்வது இதுதான்: இல்லத்தில் ஒருவரைக் காப்பது வெளியே இருந்து வருகிற கண்.

6

எர்விங் கோஃப்மன் 1961இல் மனநோய் விடுதிகளைப் பற்றி எழுதியபோது 'முழு நிறுவனம்' என்ற கருத்தாக்கத்தை முன்வைத்தார். உறக்கம், வேலை, ஓய்வு மூன்றும் ஒரே இடத்தில், ஒரே அதிகாரத்தின் கீழ், கூட்டமாக, மணியடித்து நடக்கிற இடம். சிறை, படைமுகாம், மடம் எல்லாம் இதில் அடங்கும். அதே ஆண்டு ஃபூக்கோவின் பைத்தியத்தின் வரலாறும் வந்தது. 1656இல் பாரிஸில் அரசாணையால் தொடங்கிய பெரும் அடைப்பை அவர் விவரித்தார். நம் ஊர் விஷயம் கொஞ்சம் வேறு. இங்கே பெருமளவு அடைத்தது அரசு அல்ல. வேண்டுதலும் நன்கொடையும் குடும்பத்தின் களைப்பும் சேர்ந்து அடைத்தன. அரசு பிறகு வந்து சான்றிதழ் கொடுத்தது. ஆகவே நம் இல்லத்தின் அதிகாரம் 'சேவை' என்ற முகத்தோடு வருகிறது. சேவை செய்கிறவரிடம் கணக்குக் கேட்பது நன்றிகெட்டதனமாகிவிடுகிறது.

தரம் என்று எதை அளக்கிறோம்? கட்டில் எத்தனை, கழிப்பறை எத்தனை, தீயணைப்புக் கருவி உண்டா. இவை வேண்டும், ஏர்வாடிக்குப் பிறகு இதை அலட்சியமாகப் பேச முடியாது. ஆனால் எல்லாம் சரியாக உள்ள கட்டிடமும் முழு நிறுவனமாக இருக்கலாம். இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்கு அருகே வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனை, பதிவும் ஆய்வும் உள்ள இடம்தான். அங்கே அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களை ஊழியர்கள் அடித்ததை 2011இல் பிபிசியின் மறைவுக் கேமரா காட்டியது. பணமும் சட்டமும் இருந்தும் நடந்தது.

அளக்க வேண்டியவை வேறு. சாவி யாரிடம் இருக்கிறது? உள்ளே இருப்பவர் கதவைத் திறந்து தெருவுக்குப் போக முடியுமா, கூட ஒருவர் துணைக்கு வருவாரா? அவருடைய சட்டை அவருடையதா, அல்லது துவைத்த குவியலிலிருந்து எடுத்து மாட்டுவதா? முடியை அவர் கேட்டு வெட்டினார்களா, பேனுக்குப் பயந்து எல்லோருக்கும் மொட்டையா? இரவு பசித்தால் ஏதாவது கிடைக்குமா? பேச்சில்லாதவர் 'வேண்டாம்' என்பதை எப்படிச் சொல்கிறார் என்று அங்கே யாருக்காவது தெரியுமா? இரைச்சலும் கூட்டமும் தாங்காமல் தலையை முட்டிக்கொள்கிறவருக்கு அமைதியான மூலை உண்டா, ஊசிதான் உண்டா? அவர் செய்கிற மெழுகுவர்த்திக்கும் பேப்பர் கவருக்கும் கூலி யார் கையில் போகிறது? பெண்களின் கருப்பை அவர்களைக் கேட்காமல் எடுக்கப்பட்டதா? கடைசியாக யார், எப்போது, அவரைப் பார்க்க வந்தார்கள்?

இந்தக் கேள்விகளுக்குப் பெரிய கட்டிடம் தேவையில்லை. நான்கைந்து பேர் தெருவில் ஒரு வாடகை வீட்டில், உதவியாளரோடு வாழ்கிற ஏற்பாட்டை சென்னையின் 'பான்யன்' அமைப்பு, நீண்டகாலம் நிறுவனத்தில் இருந்த மனநோயாளிகளுக்காக 2015 முதல் செய்துகாட்டியிருக்கிறது. அறிவுவளர்ச்சிக் குறைபாட்டுக்கும் அது பொருந்தாது என்று சொல்லக் காரணமில்லை.

7

'அப்படியானால் இல்லங்களையெல்லாம் இழுத்து மூடு' என்று நம்மில் சிலர் சொல்லக்கூடும். இத்தாலி 1978இல் பசாலியாவின் இயக்கத்தால் மனநோய் விடுதிகளைப் படிப்படியாக மூடச் சட்டமியற்றியது, பெரிய சாதனை. இங்கே மாற்று ஏற்பாடு இல்லாமல் மூடினால் பாரம் எங்கே போய் இறங்கும்? தாய், அக்கா, அண்ணி ஆகியோரின் தலையில். நிறுவன எதிர்ப்பு என்ற பேரில் பெண்களின் கூலியில்லா உழைப்பைப் புனிதப்படுத்தக் கூடாது. இல்லத்தில் வேலைசெய்கிற பெண்ணும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் நிற்கிறாள். இரவு முழுக்க முப்பது பேருக்கு ஒருத்தி, சொற்பச் சம்பளம், பயிற்சி கிடையாது. அவள் கை ஓங்கினால் அவளை மட்டும் கைதுசெய்வது சுலபம். அவள் கூலியையும் தரத்தின் அளவுகோலில் சேர்க்காத எந்தப் பட்டியலும் பொய்ப் பட்டியல்.

இருக்கிற சட்டத்தைக்கூட நாம் எடுத்துப் பயன்படுத்தவில்லை. 2016 சட்டத்தின் 5ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளி யாரையும் குறிப்பிட்ட ஓர் ஏற்பாட்டில்தான் வாழவேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. 7ஆம் பிரிவின்படி, வன்முறை நடக்கிறது என்று தெரிந்த எவரும் நிர்வாக நடுவரிடம் சொல்லலாம். உறவாக இருக்கவேண்டிய அவசியமில்லை. 50ஆம் பிரிவு பதிவில்லாத இல்லத்தை அனுமதிப்பதில்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்டம்தோறும் உள்ளூர்க் குழு ஒன்று உண்டு. மாவட்ட நிர்வாக அதிகாரி, ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி அதில் இருக்க வேண்டும். காப்பாளரை நியமிப்பதும் தவறு செய்தால் நீக்குவதும் அதன் வேலை. நாகப்பட்டினத்திலும் தஞ்சாவூரிலும் இந்தக் குழு எப்போது கூடியது, எந்தெந்த இல்லத்தில் எத்தனை பேருக்குச் சட்டப்படி காப்பாளர் இருக்கிறார் என்று தகவல் உரிமை மனுவில் கேட்கலாம். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அது ஒரு தொடக்கம்.

கூலிக்கும் நிலத்துக்கும் சாதிக்கும் போராடிய மண் இது. அந்தப் போராட்டங்களின் பட்டியலில் இவர்கள் ஒருபோதும் இருந்ததில்லை. ஊர்வலத்தில் கோஷம் போடமாட்டார்கள். இவர்களில் பலர் வாக்காளர் பட்டியலிலும் இருக்கமாட்டார்கள். ஆகவே யாராவது போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. பிறந்தநாளுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்ப் படமெடுத்துத் திரும்புவதைச் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை, சொல்லாமல், அதே ஆளைப் பார்க்கப் போவது. போன மாதம் இருந்தவர் இந்த மாதம் எங்கே என்று பெயர்சொல்லிக் கேட்பது. அதற்கு முதலில் அவருடைய பெயர் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.