நிலாவாரையும் குடல் நுண்ணுயிர்களும்

திருமுல்லைவாயிலில் நாம் சந்தித்த நெசவாள அங்கத்தினர் ஒருவர், மலச்சிக்கலுக்காக இரவுதோறும் நிலாவாரைப் பொடி உட்கொள்வதாகக் கூறினார். திருநெல்வேலிச் சீமையில் பயிராகி, அப்பெயராலேயே அயல்நாடுகளில் விலைபோகும் இலை அது. அதிலுள்ள சென்னோசைடு என்னும் பொருள் இரைப்பையில் மாறுதலடைவதில்லை. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அதனைச் சிதைத்த பின்னரே மலத்தை உந்தும் ஆற்றல் பிறக்கிறது. பலன் காண 6 முதல் 12 மணி நேரம் ஆவது இதனாலேயே. (உழைப்பு நுண்ணுயிருக்கு, பெயர் இலைக்கு!) சீன மருத்துவர் கையாளும் டாஹுவாங் என்னும் வேர்க்கிழங்கிலும் இப்பொருள் உண்டு.

மலச்சிக்கலோடு வயிற்றுவலியும் அடிக்கடி தோன்றுமாயின், அது எரிச்சலுறு குடல் நோயாக இருக்கலாம். அந்நிலையில் நிலாவாரை வலியை மிகுவிக்கவும் கூடும். மருத்துவர் கூறாமல் ஒரு வாரத்திற்கு மேல் இதனை உட்கொள்ளலாகாது. மலத்தில் இரத்தம் கண்டாலோ, உடல் மெலிந்தாலோ தாமதம் கூடாது. நம் அங்கத்தினருக்கு வலியும் இருந்தது. அரசு மருத்துவமனைக்குச் செல்லுமாறு வேண்டினோம்.