குறடும் இடுக்கியும்: மது, காலம், உழைப்பு பற்றிச் சில குறிப்புகள்

போர்த்துக்கலின் வடபகுதியில், டூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கின் செங்குத்தான சரிவுகளில் விளையும் திராட்சையிலிருந்து பெறப்படுவது போர்ட் வைன் எனப்படும் மது. இதன் உயர்ந்த வகையைப் போத்தலில் அடைத்து இருபது, முப்பது, சிலவேளை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகவும் நிலவறையிற் கிடத்தி வைப்பர். இவ்வாறு முதிர்ந்த போத்தலைத் திறப்பதற்கென்றே ஒரு கருவி உண்டு. கொல்லன் பட்டறைக் குறட்டை ஒத்த அது நீண்ட கைபிடிகளைக் கொண்டது. வாய்ப்பகுதி இரண்டு அரைவட்டங்களாக வளைந்து, மூடும்போது போத்தலின் கழுத்தைச் சுற்றி ஒரு வளையமாக அமையும். அதனைத் தீயிற் பழுக்கக் காய்ச்சிப் போத்தலின் கழுத்தையே அறுத்து எடுப்பர்.

ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு ஆகிய தீவுகளின் பண்பாட்டு வரலாற்றை ஆராயப் புகுவோர்க்கு இக்கருவியால் ஆவதென்ன என்ற வினா எழுதல் இயல்பே. இத்தீவுகளிலும் மது உண்டு. அம்மதுவைப் பெறுவதற்கும் ஓர் இடுக்கி உண்டு. பனையேறும் தொழிலாளி பாளையை நசுக்கப் பயன்படுத்தும் மர இடுக்கியையே குறிப்பிடுகிறோம். முன்னையது ஒரு மதுவின் நெடிய வாழ்வின் இறுதியிலும், பின்னையது இன்னொரு மதுவின் குறுகிய வாழ்வின் தொடக்கத்திலும் பயன்படுகின்றது. காத்திருக்கும் வசதி யாருக்கு வாய்க்கின்றது என்பதே இவ்விரு கருவிகளையும் ஒருசேர நோக்கும்போது எழும் வினாவாகும்.

முதலிற் குறட்டின் செயலை விளக்குவோம். திறப்பதற்கு ஒரு நாள் முன்னதாகவே போத்தலை நிமிர்த்தி வைத்து, பல ஆண்டுகளாகத் திரண்ட மண்டியை அடியில் தங்கவிடுவர். குறட்டின் வாயைத் தீயிலிட்டுச் செந்நிறம் ஏறும்வரை காய்ச்சுவர். பின்னர் அதனைத் தக்கையின் அடிப்பகுதிக்குச் சற்றுக் கீழே, கழுத்தைச் சுற்றிப் பொருத்தி, ஏறத்தாழ அரை நிமிடம் அசையாது பிடிப்பர். குறட்டை அகற்றியவுடன் குளிர்நீரில் நனைத்த துணியை அவ்விடத்தில் ஒற்றுவர். மெல்லிய ஒலியுடன் கண்ணாடி வளையமாக வெடிக்கும். தக்கை உள்ளே இருந்தபடியே கழுத்து தனியே கையோடு வரும். எஞ்சிய மதுவை மெல்லிய துணியினூடாக வேறொரு குடுவையில் வடித்துக்கொள்வர்.

இதில் மாயம் எதுவுமில்லை. நம்மூர் வண்டிற் சில்லுக்கு இரும்பு வளையம் பூட்டுவதைக் கண்டோர் இதன் பாதியை ஏற்கெனவே அறிவர். வளையத்தைக் காய்ச்சினால் அது விரியும். சில்லின்மீது ஏற்றி நீர் ஊற்றினால் சுருங்கி மரத்தை இறுகப் பற்றும். இரும்பு அச்சுருக்கத்தின் இழுவிசையைத் தாங்கவல்லது. கண்ணாடியோ அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. மேலும் அது வெப்பத்தை எளிதிற் கடத்தாதாகையால், காய்ச்சிய இடம் மட்டும் சூடேறி, அடுத்துள்ள பகுதி குளிர்ந்தே இருக்கும். அந்நிலையில் ஈரத்துணி படும்போது மேற்பரப்பு திடீரெனச் சுருங்க முயல்கிறது; உட்பகுதி இன்னும் விரிந்தே நிற்கின்றது. சாதாரணப் போத்தற் கண்ணாடி நூறு பாகை வெப்பத்துக்கு விரிவது தன் நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவே. அவ்வளவே போதும், வெடிப்புத் தோன்றி, சூடேறிய வளையத்தின் வழியே ஓடிவிடும். நூலை மண்ணெண்ணெயில் தோய்த்துப் போத்தலிற் சுற்றிக் கொளுத்தி, உடனே நீரில் அமிழ்த்திப் போத்தலை இரண்டாக்கும் சிறுவனும் இதே விதியையே கையாள்கிறான். அவன் செய்வது விளையாட்டு என்றும், விருந்து மண்டபத்தில் செய்யப்படுவது கலை என்றும் பெயர்பெறுதல் வேறு விடயம்.

தக்கையைத் திருகு கொண்டு இழுக்காது கழுத்தையே அறுப்பது ஏன்? தக்கை என்பது ஒருவகை ஓக்கு மரத்தின் பட்டை. அம்மரம் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டு வளர்ந்த பின்னரே முதன்முதலாகப் பட்டை உரிக்கப்படும். அதன்பின் ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை. உலகின் தக்கையில் ஏறத்தாழப் பாதியைத் தருவது போர்த்துக்கலே. இத்தக்கையும் பல பத்தாண்டுகள் மதுவில் ஊறியபின் வலுவிழந்து, கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். திருகினால் பொடியாகி மதுவுள் விழும். மதுவை முதிரச் செய்த அதே காலம் மூடியைச் சிதைத்துவிடுகின்றது. அச்சிதைவைச் சுற்றிக் கடப்பதற்கே குறடு வேண்டப்படுகிறது. ஒரு பொருள் ஒரு தலைமுறைக்காலம் தீண்டப்படாது கிடந்தாலன்றி இக்கருவிக்கு வேலை இல்லை.

இனி அம்மதுவின் வரலாறு. திராட்சைச் சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே அதனுட் செறிவுமிக்க திராட்சைச் சாராயத்தைச் சேர்த்து நொதிப்பை நிறுத்துவதால், இனிப்பும் வெறியமும் ஒருங்கே எஞ்சும். 1703 ஆம் ஆண்டின் மெத்துவன் உடன்படிக்கை ஆங்கிலக் கம்பளித் துணிகளுக்குப் போர்த்துக்கலின் சந்தையைத் திறந்துவிட்டது. ஈடாகப் போர்த்துக்கேய மதுவுக்கு இங்கிலாந்தில் பிரெஞ்சு மதுவைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்த தீர்வை விதிக்கப்பட்டது. டூரோவின் பாறைச் சரிவுகளைப் படிப்படியாக வெட்டி மண் நிரப்பியோரும், அறுவடைக் காலத்தில் கூட்டங்கூட்டமாக வந்து பழம் பறித்தோரும், தொட்டியிலிட்டுக் காலால் மிதித்தோரும் வறிய உழவர்கள். வணிகமோ பெரும்பாலும் ஆங்கிலேயர் கையிலிருந்தது. 1756 இல் பொம்பால் பிரபு தனியுரிமைக் கொம்பனி ஒன்றை நிறுவித் திராட்சை நிலத்துக்கு எல்லை வகுத்தார். மறு ஆண்டே போர்ட்டோ நகரத்து எளிய மக்களும் மதுக்கடைக்காரரும் அக்கொம்பனிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். பலர் தூக்கிலிடப்பட்டனர். ஆட்சியாளர் தரப்பின் நினைவில் அது குடிகாரர் கலகம் எனும் பெயரைப் பெற்றது. உழைப்போர் எதிர்ப்புக்கு இத்தகைய பெயரிடல் எங்கும் காணப்படும் வழக்கமே.

இவ்விடத்து ஒரு தவறான எண்ணத்தைக் களைதல் வேண்டும். ஊர்காவற்றுறையில் இறங்கிய போர்த்துக்கேயர் இம்மதுவையும் உடன் கொண்டுவந்தனர் என எண்ணத் தோன்றும். காலக்கணக்கு அதற்கு இடந்தராது. யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் வசமானது 1619 இல். ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றியது 1658 இல். இன்று நாம் அறியும் போர்ட் வைனோ 18 ஆம் நூற்றாண்டின் ஆக்கம். போத்தலைக் கிடத்தி முதிர வைக்கும் முறையும், பக்கவாட்டிற் கிடத்தத்தக்க நீளுருளை வடிவப் போத்தல் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய பின்னரே சாத்தியமாயிற்று. ஊர்காவற்றுறைக் கோட்டையிலிருந்த சிப்பாய் குடித்திருக்கக்கூடியது பீப்பாவிலிருந்து வடித்த சாதாரண மதுவே.

ஆயினும் சொற்கள் வந்தன. அத்துறைமுகத்தின் மேனாட்டுப் பெயரே யானைகளை ஏற்றிய துறை எனப் பொருள்படும் போர்த்துக்கேயத் தொடரிலிருந்து பிறந்தது. போர்த்துக்கேயர் காலம் பற்றி எழுதுவோர் கோட்டைகளையும் மதமாற்றத்தையும் பேசுவதோடு அமைந்துவிடுகின்றனர். பாத்திரங்களைப் பற்றிப் பேசுவோர் அரியர். பீப்பா, கோப்பை, தவறணை ஆகிய மூன்று சொற்களைக் கருதுக. மூன்றும் போர்த்துக்கேய மூலமுடையவை. டூரோவில் இன்றும் மதுவை அளக்கும் அலகு பீப்பாவே. அங்கு அது ஏறத்தாழ 550 லீற்றர். போர்ட்டோவில் 1757 இல் கலகத்துக்குக் களமாயிருந்த மதுக்கடையின் பெயரும், தீவகத்தில் கள்ளு விற்கும் கொட்டிலின் பெயரும் ஒரே சொல்லின் இரு உருவங்கள். போத்தல் என்பது போர்த்துக்கேயத்திலிருந்தோ ஒல்லாந்த மொழியிலிருந்தோ வந்ததாதல் வேண்டும். கல் பெயர்க்கும் அலவாங்கும் போர்த்துக்கேயர் தந்ததே. ஆனால் கள்ளு, பாளை, முட்டி, இடுக்கி, நார் என உற்பத்தியோடு இயைந்த சொற்கள் அனைத்தும் தமிழாகவே நின்றன. அந்நியச் சொல் வந்து தங்கிய இடம் சேமிப்பும் விற்பனையும் நுகர்வும் நிகழும் இடமேயன்றி மரத்தின் உச்சி அன்று. வரி வாங்குவோனும் வணிகனும் மரத்தடி வரையிலேயே வந்தனர் என இதனை வாசிக்கலாம்.

மரத்தின் உச்சியில் நிகழ்வது என்ன? பனையேறும் தொழிலாளி தளைநார் பூட்டி ஏறி, பாளையை மர இடுக்கிக்குள் வைத்து நாளும் சிறிது சிறிதாக நசுக்குகிறார். பூந்துணரின் வளர்ச்சி தடைப்பட்டுச் சாறு கசியும் நிலைக்கு வருகின்றது. ஆண்பாளைக்கும் பெண்பாளைக்கும் கையாளும் முறை வேறு. நசுக்கும் அளவு மிகுந்தாற் பாளை பட்டுவிடும், குறைந்தாற் சாறு சுரவாது. கருவி எளியதெனினும் அதனை இயக்கும் கை நெடுங்காலம் பயின்ற கை. பின்னர் நுனியைச் சீவி முட்டியைக் கட்டுவார். பருவ காலம் முழுவதும் காலையும் மாலையும் ஒவ்வொரு மரத்திலும் ஏறி இறங்கல் வேண்டும்.

முட்டியில் விழும்போதே சாறு நொதிக்கத் தொடங்குகின்றது. காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவங்கள் சில மணி நேரத்தில் அதனைக் கள்ளாக்கும். மறுநாள் அது புளித்துக் காடியை நோக்கிச் செல்லும். டூரோவின் மதுவுக்குக் காலம் நட்பு. பனங்கள்ளுக்குக் காலம் பகை. இதனால் தொழிலாளி விலைக்காகக் காத்திருக்க இயலாது. கேட்ட விலைக்கு அன்றே கொடுத்தாக வேண்டும். காலத்தை வெல்ல மூன்று வழிகளே இருந்தன. முட்டியிற் சுண்ணாம்பு பூசி நொதிப்பைத் தடுத்துக் கருப்பநீர் எடுத்தல் ஒன்று. முருகைக்கல் மலிந்த தீவுகளிற் சுண்ணாம்புக்குக் குறைவில்லை. அக்கருப்பநீரைக் காய்ச்சிப் பனங்கட்டியாக்கிக் குட்டானில் அடைத்தல் மற்றொன்று. அதற்கு விறகும் பெண்களின் நெடுநேர உழைப்பும் வேண்டும். சாராயமாக வடித்தல் மூன்றாவது. அது அரசின் அனுமதிக்கும் வரிக்கும் உட்பட்டதாகையால் தனித் தொழிலாளிக்கு எட்டாதது. 1970 களிற் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றி மரவரி முறையின் இடத்தைப் பெற்றதும், பின்னர் கள்ளைச் சூடாக்கி நொதிப்பை நிறுத்திப் போத்தலில் அடைக்கத் தலைப்பட்டதும் இப்பின்னணியிலேயே விளங்கத்தக்கன. போத்தற் கள்ளை வெறும் வணிக உத்தியாகக் கொள்வது போதாது. சில மாதகாலமேனும் காத்திருக்கும் ஆற்றலை உற்பத்தியாளன் பக்கம் கொண்டுவரும் முயற்சியாகவும் அது அமைந்தது.

காத்திருத்தலுக்கு விலை உண்டா என்ற வினா பொருளியல் வரலாற்றில் மதுவை முன்வைத்தே கேட்கப்பட்டது என்பது சுவையான செய்தி. 1817 இல் ஒப்பீட்டு நலன் பற்றிய தமது கோட்பாட்டை விளக்க டேவிட் ரிக்கார்டோ எடுத்துக்கொண்டவை இங்கிலாந்தின் துணியும் போர்த்துக்கலின் மதுவும். மெத்துவன் உடன்படிக்கை பற்றி அவ்வுதாரணத்தை இன்றும் கற்பிக்கும் பாடநூல்கள் பல வாய் திறப்பதில்லை. 1823 இல், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், மக்கலொக்குக்கு எழுதிய மடலில் அவரே ஒரு சங்கடத்தை ஒப்புக்கொண்டார். நிலவறையில் மூன்று நான்கு ஆண்டுகள் கிடக்கும் மதுவின்மீது புதிய உழைப்பு எதுவும் செலவிடப்படுவதில்லை. அவ்வாறாயின் அதன் பெறுமதி உயர்வதேன்? இயற்கையும் உழைக்கிறது என மக்கலொக் சமாதானம் கூறினார். மார்க்ஸ் அதனை எள்ளி நகையாடினார். 1885 இல் எங்கெல்ஸ் பதிப்பித்து வெளிவந்த மூலதனத்தின் இரண்டாம் பாகத்தில் உழைப்பு நேரம் வேறு, உற்பத்தி நேரம் வேறு என்ற வேறுபாடு நிறுவப்படுகின்றது. பிழிந்த திராட்சை நொதித்தற்கும் முதிர்தற்கும் வேண்டும் காலம் அங்கு எடுத்துக்காட்டாகின்றது. அக்காலத்தில் உழைப்பு நிகழ்வதில்லை; முதல் முடங்கிக் கிடக்கின்றது. முடங்கிய முதலைத் தாங்கவல்லவனே பின்னர் சமூகம் முழுவதும் உருவாக்கிய உபரியில் தன் பங்கைப் பெறுகிறான். பழைய மதுவின் விலையிற் பெரும்பகுதி இவ்வாறு தாங்கியோனுக்குச் செல்வது. மிதித்தவனின் கூலி அறுவடை முடிந்த அன்றே முடிந்துவிட்டது.

போத்தலைப் பற்றிப் பேசுகையில் யாழ்ப்பாணத்தார் மறைத்துவிட முடியாத ஒன்றுண்டு. கள் இறக்கும் சமூகத்தைச் சேர்ந்தோர் தேநீர்க்கடைகளில் மற்றையோர் பருகும் பாத்திரத்தைத் தொடக்கூடாது என்றிருந்தது. சிரட்டை, தகரப்பேணி, போத்தல் என அவர்களுக்கெனத் தனிக் கலங்கள் வெளியே வைக்கப்பட்டிருந்தன. அவர்கள் இறக்கிய கள்ளுக்குத் தீட்டு இல்லை. அவர்கள் வாய் பட்ட கோப்பைக்கே தீட்டு. 1957 ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய பாகுபாட்டைத் தண்டனைக்குரியதாக்கிய போதிலும், 1966 ஒக்டோபர் 21 ஊர்வலமும் அதனைத் தொடர்ந்த தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களுமே கோப்பையைக் கைக்குக் கொண்டுவந்தன. ஓரிடத்தில் ஐம்பது ஆண்டு காத்த பெருமைக்குச் சான்றாகக் கழுத்து அறுக்கப்படும் போத்தல், இன்னோரிடத்தில் மனிதனை மனிதனிடமிருந்து விலக்கும் கலமாக இருந்தது. கண்ணாடி ஒன்றே, அதனைச் சூழ்ந்த உறவுகளே வேறு.

குறட்டைப் பற்றிய விளக்கம் மேனாட்டு மது நூல்களில் வேண்டியமட்டும் உண்டு. இடுக்கி பற்றியும், அதனைச் செய்த தச்சர் பற்றியும், பாளை நசுக்கும் நாட்களின் எண்ணிக்கை பற்றியும், தீவுக்குத் தீவு வேறுபடும் தொழிற்சொற்கள் பற்றியும் முறையான தொகுப்பு வேண்டும். 1990 இலும் அதன்பின்னரும் நிகழ்ந்த இடப்பெயர்வுகளால் தீவகத்தின் பல குடியிருப்புகள் வெறுமையாகின. மரங்கள் நின்றன, ஏறத்தெரிந்தோர் சிதறினர். மீண்டு வந்தோருள் முதியோர் சிலரே இச்சொற்களை இன்று பயில்கின்றனர். பனையோலையை மடித்துக் கட்டும் பிளாவிற் கள்ளை வார்த்துக் குடித்தபின் அதனை எறிந்துவிடுவது வழக்கம். எந்த அரும்பொருளகமும் அதனைப் பாதுகாத்து வைக்க முடியாது; மடிக்கத் தெரிந்த கைகளைத் தேடிச் சென்று, மடிக்கும் முறையையும் அதன் ஒவ்வொரு மடிப்புக்கும் வழங்கும் பெயரையும் இப்போதே எழுதிக்கொள்ளல் வேண்டும்.