பிஜிடியூன்

பிஜிடியூன் என்பது போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தள மென்பொருளின் அமைவுகளை, அது இயங்கும் வழங்கிக் கணினியின் வன்பொருளுக்கு ஏற்பக் கணித்துத் தரும் திறந்த மூலக் கருவியாகும். 2008 ஆம் ஆண்டளவில் கிரெக் சுமித் என்பவர் இதனைப் பைத்தான் மொழியில் கட்டளைவரி நிரலாக எழுதினார். பின்னர் அலெக்சி வசிலியெவ் அதன் கணக்கீடுகளை இணையச் செயலியாக மாற்றினார். அதன் மூல நிரல் கிட்ஹப் தளத்தில் அனைவரும் திருத்தம் முன்மொழியும் வகையில் வைக்கப்பட்டுள்ளது.

தேவை

போஸ்ட்கிரெஸ்கியூஎல் மிகச் சிறிய கணினியிலும் தொடங்க வேண்டும் என்பதால் அதன் இயல்பிருப்பு அமைவுகள் மிகவும் குறைந்த அளவில் வைக்கப்பட்டுள்ளன. ஷேர்டு பஃபர்ஸ் எனப்படும் பொது நினைவகப் பகுதியின் இயல்பிருப்பு அளவு நெடுங்காலம் 32 மெகாபைட்டாக இருந்தது. 2013 இல் வெளியான 9.3 பதிப்பில் அது 128 மெகாபைட்டாக உயர்த்தப்பட்டது. 16 ஜிகாபைட்டு நினைவகம் கொண்ட வழங்கியை விலை கொடுத்து வாங்கியவரும், அமைவுக் கோப்பைத் திறந்து பார்க்காவிடில், இந்த அளவையே பெறுவார். கோப்பிலோ நூற்றுக்கணக்கான அமைவுகள் உள்ளன. அவற்றுள் எதை மாற்றுவது, எவ்வளவு மாற்றுவது என்னும் அறிவு அனுபவமுள்ள நிருவாகிகளிடம் மட்டுமே இருந்தது. அந்த அறிவைச் சில வாய்பாடுகளாகச் சுருக்கியதே பிஜிடியூனின் பயன் எனலாம்.

செயற்பாடு

மென்பொருள் பதிப்பு, இயங்குதளம், பயன்பாட்டு வகை, மொத்த நினைவகம், செயலகங்களின் எண்ணிக்கை, இணைப்புகளின் எண்ணிக்கை, சேமிப்பக வகை ஆகியவற்றை மட்டுமே கருவி கேட்கிறது. விடையை அமைவுக் கோப்பில் அப்படியே ஒட்டக்கூடிய வரிகளாகத் தருகிறது. தரவுத்தளத்துடன் அது இணைவதில்லை. ஆகவே அதில் உள்ள தரவுகள் எவையும் வெளியே செல்வதில்லை.

16 ஜிகாபைட்டு வழங்கியில் இணையத்தளம் ஒன்று இயங்குவதாகக் கொள்வோம். நான்கில் ஒரு பங்கான 4 ஜிகாபைட்டு ஷேர்டு பஃபர்சுக்கு ஒதுக்கப்படும். எஃபெக்டிவ் கேச் சைஸ் என்பதற்கு நான்கில் மூன்று பங்கு, அதாவது 12 ஜிகாபைட்டு தரப்படும். இரண்டையும் கூட்டினால் நினைவகம் முழுதும் தீர்ந்துவிடுகிறதே என்று மாணவர் பலர் ஐயுறுவதுண்டு. இரண்டாவது அமைவு எந்த நினைவகத்தையும் எடுத்துக்கொள்வதில்லை. இயங்குதளத்தின் பதுக்ககத்தையும் சேர்த்து எவ்வளவு தரவு நினைவகத்தில் இருக்கக்கூடும் என்று வினவல் திட்டமிடுவோனுக்குச் சொல்லும் குறிப்பு மட்டுமே அது.

சிக்கலானது வொர்க் மெம் என்னும் அமைவாகும். வரிசையாக்கம் போன்ற ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனியே இந்த அளவு நினைவகம் எடுக்கப்படலாம். ஒரே வினவலில் இத்தகைய செயல்கள் பல இருக்கலாம். எனவே, ஷேர்டு பஃபர்ஸ் போக எஞ்சிய நினைவகத்தை இணைப்புகளின் எண்ணிக்கையைப் போல் மும்மடங்கால் வகுப்பது தொடக்ககால வாய்பாடு. 200 இணைப்புகளுக்கு 12 ஜிகாபைட்டை 600 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 20 மெகாபைட்டு கிடைக்கும். வேகம் வேண்டி ஒருவர் இதை 256 மெகாபைட்டாக உயர்த்தினால், 200 இணைப்புகளும் ஒரு செயலுக்கு அதனை முழுதும் எடுக்கும் வேளையில் 50 ஜிகாபைட்டு தேவைப்படும். நினைவகம் தீர்ந்ததும் லினக்சு கரு ஏதேனும் ஒரு செயல்முறையைக் கொன்றுவிடும். அது தரவுத்தளத்தின் செயல்முறையாயின், மற்ற இணைப்புகள் அனைத்தும் துண்டிக்கப்பட்டுத் தரவுத்தளம் மீட்புநிலைக்குச் செல்லும். அலுவலகத்தின் பரபரப்பான நேரத்திலேயே இது நிகழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கூட்டுத் திருத்தங்கள்

தரவுத்தளம் மாறும்போது வாய்பாடுகளும் பழையனவாகின்றன. 2016 இல் 9.6 பதிப்பு இணைநிலை வினவல்களைக் கொண்டுவந்தபின் ஒரே வினவலுக்குப் பல செயல்முறைகள் உழைக்கத் தொடங்கின; வொர்க் மெம் கணக்கில் அவற்றையும் சேர்க்க வேண்டியதாயிற்று. திண்மநிலை வட்டுகள் பரவியபோது, ஒழுங்கற்ற வாசிப்பின் செலவைக் குறிக்கும் மதிப்பு சுழல்தட்டுக்கு 4 எனவும் திண்மநிலை வட்டுக்கு 1.1 எனவும் பிரிக்கப்பட்டது. விண்டோசில் 10 ஆம் பதிப்புக்கு முந்தையவற்றுக்கு ஷேர்டு பஃபர்ஸ் 512 மெகாபைட்டைத் தாண்டாதபடி வரம்பிடப்பட்டது. வாய்பாடு சில பத்து வரிகளில் அடங்குவதால், உடன்படாதவர் அதனை நேரடியாகப் படித்துப் பார்த்து மறுக்க முடிகிறது.

கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான ஆட்டர்டியூன் இதற்கு நேர்மாறான வழியைத் தேர்ந்தது. 2017 இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியான அது, பல தரவுத்தளங்களின் அளவீடுகளைக் கொண்டு இயந்திரக் கற்றல் மூலம் அமைவுகளைத் தேடியது. பின்னர் வணிக நிறுவனமாகி 2024 இல் மூடப்பட்டது.

வரையறைகள்

பிஜிடியூன் வன்பொருளை மட்டுமே அறியும். அட்டவணைகளையோ வினவல்களையோ அது பார்ப்பதில்லை. கோடி வரிகள் கொண்ட அட்டவணையில் தேவையான சுட்டு இல்லாவிடில், ஒரு வரியைத் தேடவும் அட்டவணை முழுவதையும் வாசிக்க நேரும். நினைவக அமைவுகள் அதனைச் சற்றே விரைவுபடுத்தக்கூடும். சுட்டு ஒன்றை உருவாக்கினால் அதே தேடல் மில்லி நொடிகளில் முடியும். அதனைக் கண்டறிய எக்ஸ்பிளெய்ன் கட்டளையையே நாட வேண்டும். ஷேர்டு பஃபர்சை மாற்றினால் தரவுத்தளத்தை மறுதொடக்கம் செய்ய வேண்டும் என்பதும் கருத்திற் கொள்ளத்தக்கது.