முடக்குவாதம்: வலிக்கும் ஒரு கணக்கு உண்டு

"கைவலி எப்படி இருக்கிறது?" என்று மருத்துவர் வினவினால், "அல்ஹம்துலில்லாஹ், பரவாயில்லை" என்று கூறிவிட்டு மருந்துச் சீட்டுடன் எழுந்து வருவது நம் இல்லத்துப் பெண்மணிகள் பலரின் வழக்கம். ஸப்ரு உயர்ந்த பண்புதான். எனினும் முடக்குவாதம் கண்டவர்கள் மருத்துவர் முன் வலியை மறைப்பது நோய்க்கே இடமளிப்பதாகும்.

முதுமைத் தேய்மானத்தால் வரும் மூட்டுவலி வேறு, இது வேறு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே மூட்டின் உட்சவ்வைத் தாக்கி வீக்கமுறச் செய்கிறது. வீக்கம் நீடித்தால் எலும்பு அரிக்கப்பட்டு விரல்கள் கோணிவிடும். கோணியது மருந்தால் நிமிராது. வலி மாத்திரை வலியைத் தணிக்குமேயன்றி அரிப்பைத் தடுக்காது. எனவே நோயின் வேகத்தை அளந்தறிய வேண்டியுள்ளது.

நெதர்லாந்தின் நைமேகன் நகர ஆய்வாளர்கள் 1995இல் வெளியிட்ட முறையில் 28 மூட்டுகளைத் தொட்டுப் பார்ப்பர். தோள், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் ஆகியவற்றில் இவ்விரண்டு, கைவிரல்களில் இருபது. அழுத்தினால் வலிப்பவை எத்தனை, வீங்கியவை எத்தனை என்று எண்ணுவர். இரத்தத்தின் ஈ.எஸ்.ஆர். அளவையும், நோயாளி தம் நிலைக்குத் தாமே 0 முதல் 100 வரை இடும் மதிப்பெண்ணையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஓர் எண் கிடைக்கும். அது 5.1க்கு மேற்பட்டால் நோய் கடுமை, 3.2க்குக் கீழெனில் தணிவு, 2.6க்கும் குறைந்தால் அடங்கிய நிலை. நோயாளியின் சொல்லும் இக்கணக்கில் ஓர் உறுப்பு என்பதைக் கவனிக்க வேண்டும்.

பாதங்கள் இதில் இடம்பெறவில்லை. ஆகவே ஸஜ்தாவில் கால்விரல்களை மடக்க இயலாதவர்களும், அத்தஹிய்யாத் இருப்பில் கணுக்கால் நோகிறவர்களும் மருத்துவர் கேளாவிடினும் அதனைச் சொல்லிவிட வேண்டும். சுபுஹுக்கு எழுந்தபின் விரல் இறுக்கம் தளர எவ்வளவு நேரமாகிறது, ஒளுச் செய்யக் குழாயைத் திருக முடிகிறதா என்பனவும் பயனுள்ள செய்திகளே.

அளப்பதால் என்ன பயன்? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் நடந்த ஆய்வொன்று 2004இல் வெளியாயிற்று. இதையொத்த கணக்கால் மாதந்தோறும் அளந்து, எண் இறங்காதபோதெல்லாம் மருந்தைக் கூட்டியோ மாற்றியோ சிகிச்சை பெற்றவர்களில் 65 சதவீதத்தினருக்கு 18 மாதங்களில் நோய் அடங்கியது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 16 சதவீதத்தினருக்கே அடங்கியது. இத்தனைக்கும் விலையுயர்ந்த புதுமருந்து ஏதும் அங்கே கையாளப்படவில்லை!

இந்நோய்க்குப் பெரும்பாலும் முதலில் தரப்படும் மெதோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே நாள் உண்ண வேண்டியது. தவறி அன்றாடம் உண்டால் உயிருக்கே ஆபத்து. ரமளானில் அதனை நோன்பு திறந்தபின் உண்ணலாமா என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளலாம். கருவுற்றவர்களுக்கு அது ஆகாது. மகப்பேற்றை நாடும் பெண்கள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மூன்று மாதங்களில் எண் இறங்காவிடின் மருந்தை மாற்றலாமா என்று கேட்பது மரியாதைக் குறைவன்று.